ஷீட்டுச் சீர்

ஏனுங்க தம்பி, அந்த ஜன்னல் கண்ணாடியச் சித்தெ சாத்திக்கலாமுங்களா? காத்து வேண்டாம்னு இல்லீங்க. வெளிய பாருங்க, ரோட்டோரத்துல பழைய கட்டடத்த இடிக்கறாங்க. அந்தத் தூசியில என்னென்ன பறக்குதோ. சாத்தீட்டீங்களா? நீங்க நல்லாருக்கோணும். சொன்ன ஒடனே கேட்ட மொத ஆளு இந்த வருசத்துல நீங்கதான்.

ஆமாங்க, வெளையாட்டுக்குச் சொல்லல. நான் சொன்னா ஒருத்தனும் கேக்கறதில்ல. அதுதான் எங் கொறையே.

நமக்குப் பல்லடம் பக்கமுங்க. பேரு சென்னியப்பன். தறி ஓட்டறமுங்க, விசைத்தறி. தறிக்குடோனுக்கு மேல சிமெண்ட் ஷீட்டு. ஆஸ்பெஸ்டாஸ்ங்கறாங்களே, அதேதான். நானே மேல ஏறி நின்னு, நானே அறுத்து, நானே ஓட்டை போட்டு மாட்டுனது. அறுக்கறப்ப வெள்ளையாத் தூள் பறக்கும் பாருங்க, ஊட்டுக்கு வந்தா எங்கூட்டுக்காரி, "என்னங்க, பழனிக்குப் போயிட்டு வந்தாப்ல இருக்கறீங்க"ம்பா. தலை, மீசை, புருவமெல்லாம் விபூதி. அப்பெல்லாம் அத ஒரு பெருமையா நெனைச்சுத் தொடைக்காமயே உக்காந்து சோறு தின்னுருக்கறேன்.

இப்படி இருக்கறப்பத்தான் எம் பையனுக்குக் கல்யாணம் ஆச்சு. மருமக பேரு மிருதுளா. நல்ல புள்ளைங்க, கொறை சொல்ல முடியாது. ஆனா படிச்சவ. கோயமுத்தூர்ல ஒரு காலேஜுல ஆராய்ச்சி பண்றா. என்ன ஆராய்ச்சின்னு பொண்ணு பாக்கறப்ப நாங்க கேக்கல. ஜாதகத்துல அதுக்குக் கட்டமில்லைங்களே.

ஊட்டுக்கு வந்தவளுக்குத் தறியச் சுத்திக் காட்டுனேன். இது நெட்டுக்க ஓடற பாவு, இது குறுக்க போற ஊடை, இது ஊடையக் கொண்டு போற நாடான்னு ஒண்ணொண்ணாச் சொல்லீட்டு வாறேன், புள்ள கீழ பாக்கவே இல்லீங்க. அண்ணாந்து மேலயே பாத்துட்டிருக்குது. பல்லி கில்லி இருக்குதோன்னு நானும் பாத்தேன்.

"மாமா, இது ஆஸ்பெஸ்டாசுங்களா?"

"ஆமாங் கண்ணு. நல்ல கனம். கல்லாட்ட இருக்கும்."

"ஒடைஞ்சிருக்குதுங்களா எங்காச்சும்?"

"சே சே. நான் போட்டது."

அன்னிக்கு அதோட முடிஞ்சுதுங்க. அப்பறம் ஆடி வந்துது. ஆடிக்காத்து எங்கூர்ப்பக்கம் எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. மேக்கால மூலையில மூணு நாலு ஷீட்டு பொத்துக்கிட்டுப் போயிருச்சு. நானென்ன பண்ணுனேன், புது ஷீட்டு வாங்கியாந்து, வெட்டற மிசினெடுத்து அறுக்க ஆரம்பிச்சேன். ஒரு இழுப்பு இழுத்திருப்பேன். உள்ளிருந்து மருமக ஓடியாறா பாருங்க! மூஞ்சியில ஈரத்துண்டு. கையில தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சற ஓசு. வந்த வேகத்துல எம்மேலயும் மிசினுமேலயும் சேத்துத் தண்ணி அடிச்சுட்டா. கரண்டுல ஓடற மிசினுங்க! நல்லவேளை, எம் பையன் சுச்சை நிறுத்தீட்டான்.

"மாமா, அத அறுக்காதீங்க! அந்தத் தூசி செல்லுக்குள்ள போயிருமுங்க!"

எனக்கு ஒண்ணும் புரியல. சட்டை ஜோப்பத் தொட்டுப் பாத்துட்டு, "எஞ் செல்லு உறை போட்டுத்தான் கண்ணு இருக்குது"ன்னேன்.

அந்தச் செல்லு இல்லையாமா. ஒடம்புல இருக்கற செல்லாமா. அப்பறம் உக்கார வெச்சுச் சொன்னா. இந்த ஷீட்டுக்குள்ள இருக்கறது கல்லுல இருந்து எடுத்த நாராமா. கண்ணுக்கே தெரியாத ஊசி. மூச்சுல உள்ள போனா நுரையீரல்ல குத்திக்கிட்டு நிக்குமாமா. கரையாதாமா. அதுனால டி.என்.ஏ. கெட்டுப்போயிருமாமா.

டி.என்.ஏ.ன்னதும் எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. பின்ன? டி.வி.யில நாடகம் பாக்கறமில்ல, கொழந்தைக்கு அப்பன் யாருன்னு சந்தேகம் வந்தாத்தான் டி.என்.ஏ. எடுப்பாங்க. "எங்க வம்சத்துல அந்தச் சந்தேகமெல்லாம் கெடையாது அம்மிணி, இந்தப் பேச்ச இதோட உடு"ன்னுட்டேன். எங்கூட்டுக்காரி கூட, "ஆமாங் கண்ணு, அப்படியெல்லாம் பேசக்கூடாது"ன்னா. அந்தப் புள்ள எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு உள்ள போயிருச்சு.

நான் அறுத்து மாட்டீட்டேன். மாட்டோணுமில்லைங்களா? தறி நனையுது.

அடுத்த மாசம் பையனும் மருமகளும் சிங்காநல்லூருக்கு வாடகை ஊட்டுக்குப் போயிட்டாங்க. பஸ் வசதிக்காகப் போனாங்க. அவளுக்குக் காலேஜு கிட்டங்க, அதுக்காகத்தான். ஊருக்குள்ள வேற மாதிரிப் பேசிக்கிட்டாங்க, அதெல்லாம் பொய். அப்ப அவ முழுகாம இருந்தா. வாந்தியோட எத்தனை நாளைக்குப் பஸ்ஸுல வந்து போக முடியும்? நீங்களே சொல்லுங்க.

ஆனாலும் மனசு கேக்கல. ஊடு வெறிச்சுனு இருந்துது. அப்படி என்னதான் இவ காலேஜுல கிழிக்கறான்னு ஒருக்காப் பாத்துட்டு வந்துரலாம்னு நானே கெளம்பிப் போனேன். முறுக்கு ஒரு தூக்குப்போசி நெறைய. உள்ள கொண்டு போகக்கூடாதுன்னு வாசல்லயே வாங்கி வெச்சுட்டாங்க.

உள்ள போனா சின்னச் சின்னத் தட்டம், அதுல ரோஸ் கலர்ல தண்ணி. அதுலதான் செல்ல வளக்கறாங்க. நாம கோழி வளக்கற மாதிரி அதுக்குத் தீனி, அதுக்குச் சூடு, அதுக்கு ஒரு பொட்டி. மருமக ஒரு தட்டத்தத் தூக்கிக் கருவிக்குக் கீழ வெச்சு, "பாருங்க மாமா"ன்னா.

பாத்தேன். தம்பி, அத மறக்கவே முடியாதுங்க. ஒரு செல்லு. வட்டமா, ஓரமெல்லாம் பிசுபிசுன்னு. அது காவக்காரச் செல்லாமா. உள்ள எது வந்தாலும் முழுங்கிச் செரிச்சுப் போடுமாமா. அது முன்னால ஒரு நாரு கெடக்குது, செல்லவிட ரெண்டு பங்கு நீளம். இந்தச் செல்லு அத முழுங்கப் பாக்குது. பாதி உள்ள போயிருச்சு. மீதி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்குது. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. எங்க பெரியப்பன் ஒருத்தர் பந்தியில பந்தயம் கட்டி முழு முருங்கைக்காய வாயில உட்டுக்கிட்டு நின்னாரு, அதே மூஞ்சி.

"அப்பறம் என்னாகும் கண்ணு?"

"முழுங்க முடியலைங்கற ஆத்தரத்துல அது வெச்சிருக்கற செரிக்கற மருந்தையெல்லாம் வெளிய கக்கிரும் மாமா. அது சுத்தியிருக்கற நல்ல செல்லையெல்லாம் பொசுக்கும். போதாததுக்கு நாருல ஒட்டியிருக்கற இரும்பு வேற சேந்து அங்கயே புண்ணாக்கும். வருசக்கணக்குல அந்தப் புண்ணு ஆறாது."

"டி.என்.ஏ.ன்னியே?"

அதுக்கு அந்தப் புள்ள சொன்னா பாருங்க, நம்ம தொழிலு வெச்சே சொன்னா. "மாமா, டி.என்.ஏ.ங்கறது ரெட்டை முறுக்கு நூலுன்னு வெச்சுக்கங்க. ஒரு செல்லு ரெண்டாகறப்ப, பாவ ரெண்டாப் பிரிச்சு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு சுத்தோணும். அப்ப நடுவால ஒரு மூங்கில் சிலாம்பு குறுக்க நின்னா என்னாகும்?"

"நூலு மாட்டும். அந்து போகும்."

"அந்து போனத அவசரத்துல மாத்தி முடிச்சுப் போட்டா?"

"துணி பூரா பழுதுதான் வரும். பாத்து நிறுத்தற வரைக்கும் வந்துட்டே இருக்கும்."

"பழுதப் பாத்து நிறுத்தச் சொல்ற சேதியும் அந்த நூலுலதான் இருக்குது. அந்த நூலே அந்துட்டா மாமா?"

கருவியில இன்னொருக்காக் குனிஞ்சு பாத்தேன். ஆனா உண்மையச் சொல்றேன், அப்பவும் நான் முழுசா நம்பல. சின்னப் புள்ள, ஏதோ ஒரு ஆர்வத்துல சொல்லுது. அப்பத்தான் அவிங்க பெரிய சார் வந்தாரு. சாலமன் சார். நல்ல ஒயரம், கண்ணாடி, நரைச்ச தாடி. "வாங்கய்யா, மிருதுளா மாமனாருங்களா? ஆஸ்பெஸ்டாஸ் ரொம்ப ஆபத்துங்கய்யா, ஒடனே எடுத்துருங்க"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அவரு சொல்றதுல ஒரு தெளிவு இருந்துதுங்க! மனசுல பச்சக்குன்னு ஒட்டிக்கிச்சு. வெளிய வந்ததும் மருமககிட்டச் சொன்னேன், "கண்ணு, இதையெல்லாம் நீ இப்படித் தெளிவா முன்னாடியே சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பனே"ன்னு. அந்தப் புள்ள வாசல்ல இருந்த முறுக்குத் தூக்குப்போசிய வாங்கிக்கிட்டு அவ உக்கார்ற ரூமுக்குப் போயிருச்சு.

அப்பறம் எடுத்தமுங்க. அவ சொன்ன மாதிரியே. தண்ணி தெளிச்சு நனைச்சு, ஒடைக்காம, ஒவ்வொண்ணா எறக்கி, பிளாஸ்டிக் தாள்ல சுத்தி, தார்ப்பாய் போட்டுக் கட்டி வெச்சாச்சு. அதெல்லாம் கண்ட எடத்துல போடக்கூடாதுங்க, அதுக்குன்னு கொண்டு போய்ப் பொதைக்கற எடமிருக்குது, வண்டி வரும்னு எழுதிக் குடுத்துட்டுக் காத்துட்டிருந்தோம். எனக்கு மூஞ்சிக்கு ஒரு மூடி குடுத்தா, பன்னி மூக்காட்ட இருக்கும். துணியக் கட்டுனா இந்தத் தூசிக்குப் பத்தாதாமா. நான் அதக் கழட்டறதே இல்லீங்க. பீடி இழுக்கறப்ப மட்டும் சித்தெ மேல தூக்கிக்குவேன். அதுக்கும் அந்தப் புள்ள, "மாமா, இந்த நாரும் பீடியும் சேந்தாத்தான் ரொம்ப மோசம்"னு ஒரு பாட்டம் சொன்னா. பேச்சு ஷீட்டப் பத்திப் போயிட்டிருக்கறப்ப இவ எங்கியோ போறா.

புதுக்கூரைக்கு ஒரு ஏசெண்டு வந்தான். "அண்ணா, இதுல ஆஸ்பெஸ்டாஸ் ஒரு துளி இல்ல, வேற நாரு. கீழ வெயிலுக்குக் கண்ணாடிப் பஞ்சு, இல்லாட்டிக் கல்ல உருக்கி நூத்த பஞ்சு போட்டுத் தாறோம், ஏ.சி. மாதிரி இருக்கும்"னான். எனக்குப் பரம சந்தோசம். மருமகளுக்குப் போன் போட்டேன்.

"பாத்துப் பண்ணுங்க மாமா. மாத்து நாருன்னா எல்லாமே நல்லதுன்னு சொல்ல முடியாது. நீளமா, ஒல்லியா, ஒடம்புல கரையாமக் கெடக்கறதா இருந்தா அதுவும் இதே வேலையப் பண்ணலாம். சிலது சீக்கிரம் கரைஞ்சிரும், அதுக்கு அவ்வளவு பயமில்ல. சிலதப் பத்தி இன்னும் தெரியல. அதத்தான் நாங்க பாத்துட்டிருக்கறோம்."

"தெரியலைன்னு சொல்றதுக்கா கண்ணு இத்தனை படிப்பு? பின்ன மேல நான் வானத்தையா போடறது?"

கடசீல தகரம் போட்டேன். மழை பேஞ்சா பக்கத்துல பேசறது கேக்காது. வெயிலடிச்சா தறி ஓட்டறவங்க எல்லாம் என்னைய ஒரு பார்வ பாக்கறாங்க. இருக்கட்டும்.

இப்பத்தான் எம் மாப்ளை கதைக்கு வாறேன். என் தங்கச்சி மயிலாத்தா புருசன், பொங்கியண்ணன். பக்கத்தூருதான். எறக்கி வெச்ச ஷீட்டப் பாத்துட்டான். "மச்சான், சும்மா கெடக்குதில்ல, எங்க மாட்டுக் கொட்டாய்க்கு எடுத்துக்கறேன்"னான்.

"தர மாட்டேன் மாப்ளை."

"குப்பையில போடறதுதானே?"

"குப்பையிலயும் போடக்கூடாது. அது செல்லப் போயிப் புடிச்சுக்கும்."

அவனும் ஜோப்பத் தொட்டுப் பாத்தான். எனக்கு வந்த கோவம் இருக்குதே! இவ்வளவு வெவரமில்லாத மனுசனா? உக்கார வெச்சுக் காவக்காரச் செல்லு, முருங்கைக்காய், பாவு, சிலாம்பு எல்லாஞ் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு எந்திரிச்சு, "குடுக்க மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க மச்சான், எதுக்கு முருங்கைக்காயெல்லாம்"னு போயிட்டான். ஊரெல்லாம் போய், "ஒடைஞ்ச ஷீட்டக் கூடத் தங்கச்சிக்குக் குடுக்காதவன்"னு சொல்லி வெச்சுட்டான். எந் தங்கச்சி என்கூடப் பேசறத நிறுத்தீட்டா. அதுதாங்க எனக்கு வலிச்சுது. அவளுக்கு நல்லது பண்ணப் போயி அவகிட்டயே கஞ்சன்னு பேரு.

அந்தச் சமயம் பாத்து அவ மக சுபிக்ஷாவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுது. உப்புச்சக்கரை மாத்தறதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க, பொண்ணு பேசி உறுதி பண்றது. நான் தாய்மாமன். என்னைய நேர்ல வந்து கூப்பிடோணுமா வேண்டாமா? போன்ல கூப்பிட்டான். "வந்துருங்க"ன்னு ஒரு வார்த்தை, வெச்சுட்டான். நான் போறதில்லைன்னு முடிவு பண்ணீட்டேன். எங்கூட்டுக்காரி மட்டும் வெள்ளெனப் போயிட்டா. நான் சலவை வேட்டி, சட்டை போட்டு, தலை சீவி, போகாம உக்காந்திருந்தேன்.

ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில டிராக்டர் சத்தம் கேக்குது. போய்ப் பாத்தா, மாப்ளை அனுப்புன ஆளுங்க ரெண்டு பேரு என் ஷீட்டுக் கட்டத் தூக்கி டிரெய்லர்ல ஏத்தி முடிச்சுட்டாங்க! சமையக்காரங்களுக்கு நெழலு வேணுமாமா. நானும் விருந்துக்குப் போயிருப்பேன், ஊட்டுல ஆளிருக்காதுன்னு நெனைச்சிருக்கறான்.

"எறக்குங்கடா!"

"அண்ணன் எடுத்துட்டு வரச் சொன்னாருங்க."

"எடுத்துட்டுப் போய் மாட்டறதுக்கு ஓட்டை போடுவீங்க, தூசி பறக்கும், எம் பாப்பா கல்யாணப் பொண்ணு அங்க நிப்பா. எறக்குங்க!"

கேக்கல. நான் என்ன பண்ணுவேன்? மூடிய மாட்டிக்கிட்டு டிரெய்லர்ல ஏறித் தார்ப்பாய்க்கு மேல சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். "என்னையும் சேத்துக் கொண்டு போங்கடா"ன்னேன். கொண்டு போயிட்டாங்க.

போற வழியெல்லாம் சனம் நின்னு பாக்குது. சலவை வேட்டி, கட்டி வெச்ச தார்ப்பாய், டிராக்டர். எவனோ ஒருத்தன் தங்கச்சி ஊட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லீட்டானுங்க, "தாய்மாமன் சீரோட வாறாரு"ன்னு!

வண்டி வாசலுக்குள்ள நொழையறப்ப மேளம் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பொம்பளைங்க ஆரத்தித் தட்டோட வரிசையா நிக்கறாங்க. எந் தங்கச்சி முன்னால ஓடியாறா, கண்ணெல்லாம் தண்ணி. "அண்ணா, நீ வர மாட்டீன்னு நெனைச்சேன் அண்ணா. இத்தனை சீரோட வந்துட்டியே"ன்னு வண்டிச் சக்கரத்தப் புடிச்சுட்டு அழுகறா. மாப்ளை பந்தக்காலப் புடிச்சுட்டு நின்னான். அவன் மூஞ்சி நான் கருவியில பாத்த செல்லு மாதிரியே இருந்துது. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. எனக்கு மட்டுமென்ன? பேத்தி வயசுல ஒரு புள்ள வந்து என் பன்னி மூக்குக்கு மேல குங்குமம் வெச்சுட்டுப் போச்சு.

மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க. ஒரு அம்மா, "பிரிச்சுப் பாக்கலாமுங்களா?"ன்னு தார்ப்பாய்க் கவுத்துல கைய வெச்சுது.

"பிரிக்காதீங்க!"ன்னு கத்தீட்டேன்.

மேளம் நின்னுருச்சு. எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? வண்டி மேல எந்திரிச்சு நின்னு சொன்னேன். "இது சீரில்லீங்க. இது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு"ன்னு ஆரம்பிச்சு, கல்லுநாரு, காவக்காரச் செல்லு, ரெட்டை முறுக்கு நூலு, எல்லாத்தையும் சொன்னேன். பாதியில யாரோ சிரிச்சாங்க. எந் தங்கச்சி முந்தானைய வாயில வெச்சுக்கிட்டா. அவ அழுதாளா சிரிச்சாளான்னு தெரியல. மாப்ளை தலையக் குனிஞ்சுட்டான்.

அப்ப மாப்பிள்ளையோட அப்பா, நாச்சிமுத்துன்னு, அமைதியான மனுசன், அவரு கூட்டத்த வெலக்கீட்டு வந்தாரு. வண்டிகிட்ட வந்து கவுத்தெல்லாம் செரியாக் கட்டியிருக்குதான்னு இழுத்துப் பாத்தாரு.

"எங்க அண்ணன் வடக்கால ஒரு ஷீட்டுக் கம்பெனியில வேலை பாத்தாருங்க. பீடி, சிகரெட்டு தொட்டதில்ல. வேலைய உட்டு வந்து எத்தனையோ வருசத்துக்கப்பறம் நெஞ்சுல புத்துநோய் வந்துது. கடசியில கட்டல்ல படுக்க முடியாம உக்காந்துட்டே இருந்தாரு"ன்னாரு. மாப்ளையத் திரும்பிப் பாத்து, "வண்டியத் திருப்பச் சொல்லுங்க சம்பந்தி"ன்னாரு.

தம்பி, எம் மாப்ளை ஓடுனான் பாருங்க! "திருப்புடா, திருப்புடா, பாத்துத் திருப்புடா, தூசி பறக்கப் போகுது"ன்னு அவனே முன்னால ஓடறான். எனக்கு அப்பத்தான் பத்திக்கிச்சு. நான் மாசக்கணக்குல தொண்டை வத்தச் சொன்னேன். அதையேதான சொன்னேன்? அப்ப முருங்கைக்காயின்னு கேலி பண்ணுனான். எவனோ வெளியாளு ஒரு வார்த்தை சொன்னதும் வேதவாக்கு! ஊட்டுல இருக்கற மனுசன் சொன்னா மரியாதை இல்ல. இப்படியும் ஒரு சென்மம் இருக்குமுங்களா? நீங்க சிரிக்கறீங்க. அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்.

சீரு? அடுத்த வாரம் ஒழுங்காக் கொண்டு போய்ச் செஞ்சாச்சுங்க. தங்கச்சி பேசறா. கல்யாணமும் நல்லபடியா முடிஞ்சுது. ஷீட்டையும் வண்டி வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. பேரன் பொறந்திருக்கறான் எனக்கு, சிங்காநல்லூர்லதான் இருக்கறான். பஸ் வசதி.

கல்யாணத்தப்ப நாச்சிமுத்து என் கையப் புடிச்சு, "நீங்களும் ரொம்ப வருசம் அறுத்திருக்கறீங்க, ஒருக்கா நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்துருங்க"ன்னாரு. சம்பந்தக்காரர் சொல்றப்ப மறுக்க முடியுங்களா? மருமகளும் ஆடியில இருந்து அதையேதான் சொல்லீட்டிருந்தா, அது வேற. போன வாரம் எடுத்தேன். டாக்டர் பாத்துட்டு, நுரையீரலுக்கு மேல இருக்கற சவ்வுல அங்கங்க தடிப்பா இருக்குதுன்னாரு. கையில காய்ப்பு காய்க்கற மாதிரியான்னு கேட்டேன், அப்படியும் வெச்சுக்கலாம்னாரு. இப்பத்திக்குப் பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா வருசா வருசம் வரோணுமாமா. என்னென்னமோ சொன்னாரு, நல்ல டாக்டர்தான், ஆம்பளைதான், வயசானவருதான். ஆனா பாருங்க தம்பி, எனக்கு ஒண்ணுமே வெளங்கல. தலைய ஆட்டீட்டு வந்துட்டேன். ராப்பகலா அதே நெனப்பு. அந்தத் தடிப்புன்னா என்ன, அது அப்படியே இருக்குமா, வளருமா, உள்ள எந்தச் செல்லு என்ன பண்ணீட்டிருக்குது. இதையெல்லாம் யாரு நமக்கு வெளங்கற மாதிரிச் சொல்லுவாங்க? அந்தப் புள்ள ஒருத்திதான்.

இந்த உறைக்குள்ளதான் படம் இருக்குது. ஊட்டுக்காரிக்குக் காட்டல, பையனுக்கும் சொல்லல. மருமககிட்டயும் என்னோடதுன்னு சொல்லப் போறதில்லீங்க. பயந்துக்குவா, கைக்கொழந்தைக்காரி. எம் மாப்ளை பொங்கியண்ணனோட படம், அந்தாளுக்கு ஒண்ணும் வெளங்கலையாமா, கேட்டுட்டு வரச் சொன்னாருன்னு சொல்லிக் காட்டப் போறேன். பேரு எழுதியிருக்கற மூலைய மட்டும் வெரல்ல மறைச்சுப் புடிச்சுக்கோணும்.

சிங்காநல்லூர் வந்துருச்சுங்களா? சித்தெ வழி உடுங்க தம்பி. நானு எறங்கோணும்.